எஞ்சின் மாற்றலாமா? ஒரு ட்ராக்டர், ஒரு மெட்ராஸ் கார், எங்கள் ஏ55

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கார்களெல்லாம் பொன் விலைக்குப் போயின. புதுசு வாங்க முடியாத தம்பிமார் இருப்பதைக் கொண்டு ஏதாவது செய்வோம் என்று இறங்கினார்கள். பழைய சிவிக், பழைய லான்சர், பழைய ஸ்டார்லெட். வெள்ளையடித்துச் சில்லை மாற்றி சைலன்சரைப் பெருப்பித்த பிறகு அடுத்த ஆசை எஞ்சினில் வரும். "சேர், பஞ்சிகாவத்தையில நல்ல எஞ்சின் ஒண்டு கிடக்குதாம். இதுக்குள்ள போட்டா காசு வீணாகுமா?" என்று எங்களிடம் படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். சிலருடைய காசு மத்திய கிழக்கில் வெயிலில் நின்று உழைத்தது. சிலருடையது உம்மாவின் நகை. அதனால் இதை விளையாட்டுக் கேள்வியாக நாங்கள் எடுக்கவில்லை.

நாங்கள் மெக்கானிக் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் கேட்டால் வரலாறுதான் வரும். ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில்கள் இருக்கின்றன. பெரிய பெரிய கொம்பனிகளே ஒரு காருக்குள் இன்னொரு எஞ்சினைப் போட்டுப் பார்த்திருக்கின்றன. சிலர் தப்பினார்கள், சிலர் கடையைப் பூட்டினார்கள்.

ஒரு ட்ராக்டரில் தொடங்குவோம். வன்னியில் மெசி ஃபெர்குசனைத் தெரியாதவர் இல்லை. அதற்கு முன்னோடி, இங்கிலாந்தில் 1946 தொடக்கம் 1956 வரை செய்த டி.இ.20 என்கிற சின்னச் சாம்பல் நிற ஃபெர்குசன். கொவென்றி நகரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கொம்பனிதான் அதை ஃபெர்குசனுக்காகச் செய்து கொடுத்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதே ஸ்டாண்டர்ட் கொம்பனி அந்தக் காலத்தில் வான்கார்ட் என்றொரு காரும் செய்தது. காருக்கும் ட்ராக்டருக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின். நான்கு சிலிண்டர், முழு இரும்பு. கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் உறைகள், அவற்றைச் சுற்றித் தண்ணீர். வயலில் நாள் முழுக்க இழுத்தாலும் சளைக்காது.

இந்த ட்ராக்டரில் ஒரு வகையை மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவான எண்ணெயில் ஓடவும் செய்தார்கள். சின்னத் தாங்கி ஒன்றில் பெற்றோல், பெரிய தாங்கியில் அந்த எண்ணெய். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மற்றதுக்கு மாற்ற வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அதே குடும்பத்து எஞ்சினைக் கொஞ்சம் சிறுப்பித்து, பந்தயத்தில் இரண்டு லீற்றர் வகுப்புக்குள் வரும்படி 1991 சி.சி. ஆக்கி, 1953இல் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்கிற இரண்டு இருக்கைக் காரில் வைத்தார்கள். ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, சுமார் 90 குதிரை வலு. அந்த வருடம் பெல்ஜியத்தில் யபெக்க என்ற இடத்து நேர் வீதியில், அதற்கென்று தயார்படுத்திய ஒரு டி.ஆர்.2 மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டியது. ட்ராக்டர் எஞ்சினுடைய தம்பி! மண்வெட்டி பிடித்த கை பேனையும் பிடிக்கும் என்பது போல.

இதே எஞ்சினின் மூன்றாவது பிறவி மெட்ராஸில். இந்தக் கதைக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறோம்.

மெட்ராஸ் புறநகரில், வண்டலூர் பக்கத்தில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புரொடக்ட்ஸ் ஒஃப் இந்தியா என்ற கொம்பனி இருந்தது. கொவென்றிக் கொம்பனியின் வழி வந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற அழகான சின்னக் கார் அவர்களுடையது. பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகிகள் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1970களின் கடைசியோடு அவர்களுடைய கார் உற்பத்தி நின்றுபோனது. பிறகு 1985இல் பெரிய ஆரவாரத்தோடு ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தார்கள்.

அதன் உடல் சாதாரணமானது இல்லை. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1976இல் வெளிவந்து அடுத்த வருடத்துக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை எடுத்தது. பிரிட்டிஷ் பொலிஸ் வேக வீதிகளில் துரத்துவதற்கு வைத்திருந்த கார். அங்கே அது முதலில் வந்தபோது உள்ளே இருந்தது மூன்றரை லீற்றர், எட்டுச் சிலிண்டர் அலுமினிய எஞ்சின். 155 குதிரை வலு.

மெட்ராஸில் அந்த உடலை எடுத்தார்கள். எஞ்சினை எடுக்கவில்லை. அன்றைய இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடும் பெற்றோல் விலையும் எட்டுச் சிலிண்டருக்கு இடம் கொடுக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாக எதை வைத்தார்கள்? வான்கார்ட் வழி வந்த 1991 சி.சி. எஞ்சின். 1940களின் சிந்தனை, 83 குதிரை வலு. ஒன்றேகால் டன்னுக்கு மேற்பட்ட உடலை இழுக்க நான்கு கியர். நம்முடைய வீதிகளைப் போன்ற வீதிகளுக்காகக் காரைக் கொஞ்சம் உயர்த்தியும் விட்டார்கள்.

விளைவு எப்படி இருந்திருக்கும்? பார்த்தால் புலி, புறப்பட்டால் மாட்டு வண்டில். பெற்றோலை மட்டும் புலி போலவே குடித்தது. அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 1983 டிசம்பரில், மாருதி 800 வந்துவிட்டது. 796 சி.சி. எஞ்சின், இலேசான உடல், கைக்கு அடக்கமான செலவு. ஸ்டாண்டர்ட் 2000ஐ வாங்கும் அளவுக்கு வசதி உள்ளவர் அதன் பெற்றோல் கணக்கைப் பார்த்துத் தயங்கினார், வசதி இல்லாதவர் மாருதிக்குப் போனார். 1988இல் உற்பத்தி நின்றது. கொம்பனி மறுபடி கார் செய்யவில்லை. அங்கே வேலை செய்த குடும்பங்களின் கதை தனிக் கதை.

டி.ஆர்.2இல் 200ஐத் தாண்டியதும் இதே 1991 சி.சி. குடும்பம்தான். டி.இ.20இல் வயலை உழுததும் இதே குடும்பம்தான். அது கெட்ட எஞ்சின் இல்லை. சுமக்கக் கொடுத்த உடல்தான் அதற்குப் பொருந்தவில்லை. எங்கள் தம்பிமார் "எத்தனை குதிரை வலு?" என்று முதலில் கேட்கிறார்கள். "எத்தனை கிலோவுக்கு எத்தனை குதிரை?" என்பதுதான் கேள்வி.

அதே காலத்தில் கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டோர்ஸ் இதே மாதிரி ஒரு பிழையோடு தொடங்கி, அதைத் திருத்தியும் காட்டியது. அவர்களுடைய கொண்டெஸ்ஸா 1984இல் வந்தது. இங்கிலாந்தின் வோக்ஸ்ஹோல் விக்டர் காரின் அகலமான உடல். உள்ளே அம்பாசடரிலிருந்த 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின், சுமார் 50 குதிரை வலு. சிங்கத்துக்கு ஆட்டுக் கால் பூட்டியது போல. பிறகு 1980களிலேயே ஜப்பானின் இசுசுவோடு சேர்ந்து 1817 சி.சி. எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். 88 குதிரை வலு. இதில் கவனிக்க வேண்டியது, எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. அதற்கேற்ற ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே வைத்தார்கள். அந்தக் கொண்டெஸ்ஸாவை இன்றைக்கும் இந்தியாவில் ஆசையாகத் தேடி வாங்கித் திருத்துகிறார்கள். பழைய 50 குதிரைக் கொண்டெஸ்ஸாவை யாரும் அப்படித் தேடுவதாகத் தெரியவில்லை.

1489 சி.சி. பி-சீரிஸ் என்றதும் எங்கள் மூத்தவர்களுக்கு ஏதோ ஞாபகம் வர வேண்டும். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ50, ஏ55! யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாடகைக் கார் என்றால் அதுதானே. கலியாண வீட்டுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். அதற்குள் இருந்தது இதே எஞ்சின். எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் காரிலும் 1955இல் இதைத்தான் வைத்தார்கள். ஏ55இன் அமைதியான எஞ்சின், கொஞ்சம் முடுக்கிவிட்டதும் பந்தயக்காரன்.

அந்த பி-சீரிஸ் வளர்ந்து 1798 சி.சி. ஆகி, 1962இல் எம்.ஜி.பி. காரில் வந்தது. அந்தக் காருக்கு நடந்த இரண்டு எஞ்சின் மாற்றங்கள் இந்தக் கேள்விக்கு நல்ல பாடப் புத்தகம்.

முதலாவது 1967. கொம்பனிக்காரர்களே எம்.ஜி.பி.க்குள் 2912 சி.சி. ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சினைத் திணித்து எம்.ஜி.சி. என்று பெயர் வைத்தார்கள். 145 குதிரை வலு. தாளில் பார்த்தால் அருமை. ஆனால் எஞ்சின் உயரம் காணாமல் பொனற்றில் ஒரு புடைப்பு வைக்க வேண்டி வந்தது. முன் சஸ்பென்சனையே வேறு விதமாகச் செய்ய வேண்டி வந்தது. மூக்கில் பாரம் ஏறியதால் வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகவே பார்த்தது. ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். 1969இல் ஆட்டம் முடிந்தது. சுமார் 9,000 கார்தான்.

இரண்டாவதை முதலில் செய்தவர் கொம்பனிக்காரர் இல்லை. கென் கொஸ்டெலோ என்ற தனி மனிதர், தன் பட்டறையில் செய்தார். அவர் எடுத்தது ரோவரின் மூன்றரை லீற்றர் எட்டுச் சிலிண்டர், அதாவது பிறகு எஸ்.டி.1இல் வந்த அதே குடும்பம். அதன் பிறப்பு அமெரிக்காவில். பியூக் கொம்பனி 1961இல் செய்து, சில வருடத்தில் கைவிட்ட அலுமினிய எஞ்சின். 1965இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. எட்டுச் சிலிண்டர் இருந்தும், அலுமினியம் என்பதால், எம்.ஜி.பி.யின் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினுக்கு ஏறக்குறைய ஒத்த எடை. மூக்கில் புதுப் பாரம் இல்லை. வலு மட்டும் கூடியது. கார் அருமையாக ஓடியது.

கொஸ்டெலோ செய்வதைப் பார்த்துக் கொம்பனியும் 1973 ஓகஸ்ட்டில் அதே மாதிரி ஒன்றை வெளியிட்டது. இரண்டு மாதம் போகவில்லை, ஒக்டோபரில் மத்திய கிழக்கில் யுத்தம் தொடங்கியது. எண்ணெய் நெருக்கடி, பெற்றோல் விலை ஏற்றம். எட்டுச் சிலிண்டர் காரை யார் வாங்குவார்? 1976 வரை 2,591 கார் மட்டும் செய்து நிறுத்தினார்கள். எஞ்சின் சரி, உடல் சரி. எரிபொருள்தான் வில்லன்.

எரிபொருள் வில்லனைப் பற்றி வேறு யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1990 தொடக்கம் யாழ்ப்பாணத்துக்கும் ஓமந்தைக்கு வடக்கே வன்னிக்கும் எரிபொருள் தடை. பெற்றோல் மருந்து போல, துளித் துளியாக. அப்போது வீதியில் ஓடியவை எவை? நேற்று வந்த ஜப்பான் கார்கள் இல்லை. ஏ40, ஏ55, மொறிஸ் மைனர். பெற்றோலைக் கொஞ்சமாக ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அப்படித்தான், பெற்றோல் கொஞ்சம் ஒரு சின்னப் போத்தலில் கையோடு போகும். சின்ன ஃபெர்குசனைச் செய்தவர்கள் 1940களில் தொழிற்சாலையில் செய்து விற்ற அதே வித்தையை எங்கள் கராஜ்காரர்கள் கையில் கிடைத்த குழாயையும் டப்பாவையும் வைத்துச் செய்தார்கள். டீசல் வண்டிகள் சில தேங்காயெண்ணெய் முதலான தாவர எண்ணெயிலும் ஓடின. பின்னால் போனால் வடை சுட்ட வாசம் வரும் என்று சொல்லிச் சிரித்த காலம் அது. சிரிப்புக்கு உள்ளே இருந்த கஷ்டத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

பழைய எஞ்சின் ஏன் மண்ணெண்ணெயைத் தாங்கியது? காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை எஞ்சின் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதில்தான் விசயம். மண்ணெண்ணெயைக் கூட நெருக்கினால் தீப்பொறி வரும் முன்னரே கண்டபடி பற்றி "டக் டக்" என்று அடிக்கும். பிஸ்டன் போய்விடும். பழைய ஒஸ்ரின்கள் 7, 8 மடங்குதான் நெருக்கும். அதனால் புகைத்து, இருமி, பிளக்கைக் கரியாக்கி, ஒயிலை மெலிதாக்கி என்றாலும் ஓடின. 10 மடங்குக்கு மேல் நெருக்கும் வேகக் கார் எஞ்சின் ஒன்றை அன்றைக்கு யாராவது சும்மா கொடுத்திருந்தாலும் எங்கள் ஆட்கள் அதை வைத்து என்ன செய்திருப்பார்கள்? கிணற்று மோட்டருக்குக்கூட உதவியிராது. ஒரு காலத்து வேகம் இன்னொரு காலத்துப் பழைய இரும்பு. எங்கள் ஊரில் ஒரு எஞ்சினின் பெறுமதியைத் தீர்மானித்தது கம்பி வேலியும் சோதனைச் சாவடியும்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அதற்கு முன் வவுனியாவில் எத்தனை நாள் வரிசையில் கிடந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். பெரிய எஞ்சின் போட்டவரும் 20, சின்ன எஞ்சின் வைத்திருந்தவரும் 20.

இனி எங்கள் தம்பிமாரின் கேள்விக்கு வருவோம். பெரும்பாலும் கேட்பது ஹொண்டா சிவிக்கைப் பற்றி. 1989இல் வந்த ஹொண்டாவின் பி16 எஞ்சின், 1595 சி.சி.யில் 160 குதிரை வலு. அந்தக் காலத்துக்கு அது அதிசயம். 1990களின் சிவிக்குகளுக்குள் அதைப் போடுவது உலகம் முழுக்க நடக்கும் வேலை. காரணம் இருக்கிறது. ஹொண்டாவே அந்தத் தலைமுறைச் சிவிக்குகளில் சிலவற்றை இந்த எஞ்சினோடு விற்றது. ஆகவே எஞ்சினைத் தாங்கும் இடங்கள், கியர் பெட்டி, அச்சுகள் எல்லாம் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கிடைக்கும். சம்பந்தம் சொந்தத்துக்குள். வேறு கொம்பனி எஞ்சினை வெட்டி ஒட்டிப் போடுவது அப்படி இல்லை.

வேறு குடும்பத்து எஞ்சினைப் போட்ட கதைக்கு சன்பீம் டைகரைப் பாருங்கள். 1964இல் இங்கிலாந்தின் ரூட்ஸ் கொம்பனி தன்னுடைய சின்ன அல்பைன் காருக்குள் அமெரிக்க ஃபோர்டின் 4.2 லீற்றர் எட்டுச் சிலிண்டரைப் போட்டது. எஞ்சினை உள்ளே இறக்க, பெயின்ற் அடித்து முடித்த தகட்டைத் தொழிற்சாலையிலேயே சம்மட்டியால் அடித்து ஒடுக்கினார்கள். பின்பக்கத்து ஒரு பிளக்கைக் கழற்ற, காருக்குள் இருந்து ஓட்டை வழியாகக் கையை விட வேண்டும். ஆனாலும் ஓடியது, நன்றாகவே ஓடியது. பிறகு ரூட்ஸைக் கிறைஸ்லர் வாங்கியது. போட்டிக் கொம்பனியான ஃபோர்டின் எஞ்சினைத் தன் காரில் வைத்து விற்கக் கிறைஸ்லருக்கு மனமில்லை. தன்னிடம் இருந்த எஞ்சினோ அந்தக் காருக்குள் அடங்கவில்லை. 1967இல் டைகரின் கதை முடிந்தது. அடுத்த பாகம் எங்கிருந்து வரும் என்று தெரியாத எஞ்சினைப் போடுவது, கிணறு இல்லாத காணியை வாங்குவது போல.

கராஜில் பேசும்போது எஞ்சின் விலையை மட்டும் பேசுகிறார்கள். எஞ்சினோடு அதன் கணினிப் பெட்டி வர வேண்டும். வயரிங் வர வேண்டும். கியர் பெட்டி, அச்சு, ரேடியேற்றர். ஏப்ரல் வெயிலில் வவுனியாவில் ஓட்டப்போகிறோம், ஜப்பானில் இல்லை. அந்த பி16 எஞ்சினை ஜப்பானில் உயர்தரப் பெற்றோலுக்கென்றே செய்தார்கள். இங்கே 95 ஒக்டேன் அடிக்க வேண்டும், 92 இல்லை. அந்த விலை வித்தியாசம் ஒரு நாள் செலவு இல்லை, கார் இருக்கும் வரை.

அடுத்தது பிறேக். பிள்ளைகள் காது கொடுக்காத இடம் இது, அதனால் கணக்காகச் சொல்கிறோம். 80இல் போகும் காரை நிறுத்துவதைவிட 120இல் போகும் காரை நிறுத்த இரண்டேகால் மடங்கு சக்தியைப் பிறேக் தின்ன வேண்டும். ஒன்றரை மடங்கு இல்லை. வேகம் ஒன்றரை மடங்கானால் அதன் வர்க்கம் இரண்டேகால். ஒன்பதாம் வகுப்புக் கணக்குத்தான். எஞ்சினை மாற்றிப் பிறேக்கை மாற்றாத கார், மாப்பிள்ளைக்குக் குதிரை கொடுத்துக் கடிவாளத்தைக் கொடுக்காத கதை.

அந்த வேகம் எங்கே வேண்டும்? மன்னார் வீதியில், குருமன்காட்டிலிருந்து நெளுக்குளம் தாண்டிப் பூவரசங்குளம் வரை போய்ப் பாருங்கள். மாடு படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் அரை வீதியில் நெல் காயும். பாடசாலை விடுகிற நேரத்தில் சைக்கிள் வரிசை. சட்டப்படி ஊர்மனைக்குள் 50, வெளியே காருக்கு 70. அந்த 70ஐ உங்கள் காரின் பழைய எஞ்சின் கஷ்டப்படாமல் ஓடும். வேகம் பார்க்க ஆசை என்றால் அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. நுவரெலியாப் பக்கம் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934 தொடக்கம் நடக்கிறது.  அங்கே தலைக்கவசத்தோடும் விதிகளோடும் ஓடப் போகிறவருக்கு எஞ்சின் மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

தாள் விசயத்தையும் சொல்ல வேண்டும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் எழுதியிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்ற வேண்டும். அதற்கு வாங்கிய பற்றுச்சீட்டும் ஆவணமும் வேண்டும். "தாள் பிறகு தாறன்" என்று சொல்லும் கடையில் எஞ்சின் வாங்க வேண்டாம். அந்தத் தாள் வராது. விபத்து ஒன்று நடந்து காப்புறுதிக்காரர் வந்து பொனற்றைத் திறக்கும்போதுதான் அந்தத் தாளின் விலை தெரியும். காரை விற்கப் போகும் நாளிலும் தெரியும். வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. கண்டபடி முடுக்கிய எஞ்சின் அதில் மாட்டினால் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது.

அப்படியென்றால் மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. எஞ்சின் செத்துப்போன காருக்கு அதே எஞ்சினையோ அதே குடும்பத்தில் ஒரு படி மேலானதையோ ஆவணத்தோடு போடுவது புத்திசாலித்தனம். அது பல நேரம் பழையதைப் பிரித்துச் செய்வதை விட மலிவு. கொண்டெஸ்ஸாக்காரர் செய்தது அதுதான்: உடலுக்குக் குறைவாக இருந்த எஞ்சினைப் பொருத்தமான அளவுக்குக் கொண்டுவந்தார், கியரையும் சேர்த்து. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைக் கழற்றி, இரண்டு மடங்கு வலுவைப் போட்டு, பழைய பிறேக்கோடும் பழைய புத்தகத்தோடும் மன்னார் வீதியில் இறக்குவதென்றால், எங்கள் பதில் வேண்டாம் என்பதே. அந்தக் காசில் நான்கு நல்ல டயர், புதுப் பிறேக், சஸ்பென்சன் வேலை செய்யுங்கள். கார் புதுசு போலப் போகும். மிச்சக் காசை உம்மாவிடமே திருப்பிக் கொடுக்கலாம். இரண்டு கிழமை கழித்தும் ஆசை அடங்கவில்லை என்றால், இன்ஷா அல்லாஹ், வந்து கதையுங்கள். கணக்குக் கொப்பியைக் கொண்டுவாருங்கள்.

மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய ஏ40, ஏ55 கார்களில் வேலை செய்தவர்கள் இன்னும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். மாற்றுக் குழாயை எப்படிப் பூட்டினார்கள், காபரேற்றரில் என்ன செய்தார்கள், எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தரம் ஒயில் மாற்றினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கைவசம் படமோ, பழைய திருத்தப் பற்றுச்சீட்டோ இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாது என்றால் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.